வகுப்புக்கு வெளியே நின்ற பிள்ளை: மறந்துபோன கல்விச் சிந்தனையாளர்கள் பற்றிக் கேள்வி பதில்

இந்தியக் கல்விச் சிந்தனை என்றால் தாகூர், காந்தி, விவேகானந்தர், ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று நாலு பெயரோடு பாடப்புத்தகம் முடிந்துவிடுகிறது. இன்று அந்த நாலு பேரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பேசலாம். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தொடக்கக் கல்வியின் வரலாறு எனக்குத் தெரிந்த துறை, அதற்குள் கேளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் கல்வியைப் பற்றிச் சொன்ன அழகான வரியை வைத்து அவரை எடை போடாதீர்கள். அவர் நடத்திய வகுப்பில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று பாருங்கள். இன்று இதைப் பலமுறை சொல்வேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, ஆரணி: டீச்சர், வணக்கம். இந்தப் பட்டியலில் ஒரே ஒருவரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் யாரைப் படிக்கலாம்?

கிஜுபாய் பதேகா. யோசிக்கவே வேண்டாம்.

1885ல் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் பிறந்தவர். படித்தது சட்டம், பார்த்தது வக்கீல் தொழில். நடுவில் கிழக்கு ஆப்பிரிக்கா போய் வந்தார். மகன் பிறந்த பிறகுதான் குழந்தையை எப்படி வளர்ப்பது, என்ன சொல்லித் தருவது என்று தேட ஆரம்பித்தார். அந்தத் தேடலில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் எழுத்து கையில் கிடைத்தது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, நானாபாய் பட் பாவ்நகரில் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி என்ற கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920ல் அங்கே பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தது 1939ன் கடைசியில். அதே ஆண்டு ஜூனில் கிஜுபாய் காலமாகிவிட்டார். அதாவது அம்மையார் இந்தியாவில் கால் வைப்பதற்குக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் முன்பே, ஒரு சிறு சமஸ்தானத்து ஊரில், ஒரு மீசைக்காரர் அந்த வேலையை குஜராத்தி மொழியில் செய்துகொண்டிருந்தார். ஊர் அவரை மீசை வைத்த அம்மா என்றுதான் கூப்பிட்டது.

அவருடைய ‘திவாஸ்வப்னா’ தமிழில் ‘பகல் கனவு’ என்று கிடைக்கிறது. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். லட்சுமிராம் என்ற ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் அனுமதி வாங்கி, நான்காம் வகுப்பை ஒரு வருடத்துக்குத் தன் விருப்பப்படி நடத்திப் பார்க்கிறார். கதைதான், ஆனால் வகுப்பறையில் நின்றவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். முதல் நாள் அவர் திட்டமிட்டுப் போனது அமைதி விளையாட்டு. எல்லோரும் கண்ணை மூடி, சத்தம் போடாமல், சுற்றியுள்ள ஒலியைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு சத்தம் எழுப்பி வகுப்பையே கலகலக்க வைத்துவிடுகிறார்கள். புத்தகத்தில் படித்த முறை முதல் மணி நேரத்திலேயே கவிழ்ந்துவிட்டது என்று அவர் மறைக்கவில்லை. பிறகு கதை சொல்ல ஆரம்பிக்கிறார். கதையிலிருந்து வாசிப்பு வருகிறது, வாசிப்பிலிருந்து வகுப்பு நூலகம் வருகிறது, அப்புறம் நாடகம், வரலாறு, இலக்கணம் எல்லாம்.

மாண்டிசோரியிடமிருந்து எடுத்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னார். எது பொருந்தவில்லையோ அதை மாற்றினார். ‘இந்திய முறையா, வெளிநாட்டு முறையா’ என்று சண்டை போடுகிறவர்கள் இந்த மனிதரை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

ஒரு தாய், கோயம்புத்தூர்: என் மகளுக்கு மூன்று வயது. நல்ல மாண்டிசோரி பள்ளி ஒன்று சொல்லுங்கள். கட்டணம் எவ்வளவு இருக்கும்?

அது என் துறை இல்லை அம்மா. பக்கத்துப் பள்ளிக்கு நேரில் போய், பிள்ளைகள் உள்ளே வரும் நேரத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம் மாவட்டம்: எங்கள் வேலைக்கும் கல்விச் சிந்தனைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு அதிகாரி கேட்டார். ஏதாவது இருக்கிறதா அம்மா?

இருக்கிறது. உங்கள் வேலையின் வேரே ஒரு பெரிய கல்விச் சிந்தனையில்தான் இருக்கிறது. சிந்தித்தவர் ஒரு பெண்.

தாராபாய் மோடக், 1892ல் மும்பையில் பிறந்தவர், பட்டதாரி. ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்த வசதியான வேலையை விட்டுவிட்டு கிஜுபாயோடு பாவ்நகரில் வந்து சேர்ந்தார். 1926ல் நூதன் பால சிட்சண சங்கம் என்ற குழந்தைக் கல்விச் சங்கம் தொடங்கியதில் இருவருக்கும் பங்கு உண்டு. பிறகு மும்பை தாதரில் சிசு விகார் என்ற குழந்தைகள் பள்ளியை நடத்தினார். அத்தோடு நின்றிருந்தால் நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் நல்ல ஆசிரியை என்று பெயர் வாங்கியிருப்பார்.

ஆனால் 1945ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, போர்டி என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். பதிமூன்று வயதில் கல்யாணமாகி, சில மாதங்களில் கணவரை இழந்து, அதன் பிறகு படித்து ஆசிரியையாக ஆனவர். 1957ல் இருவரும் கோஸ்பாட் குன்றுக்குப் போய், வார்லி பழங்குடிப் பிள்ளைகளிடம் வேலை செய்தார்கள்.

பள்ளி கட்டினால் பிள்ளைகள் வருவார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். அங்கே வரவில்லை. மூத்த பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொரு பிள்ளை மாடு மேய்க்கப் போக வேண்டும். ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதிவைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதுதான் வழக்கம். தாராபாய் பள்ளியைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பின் முற்றத்துக்கே போனார். குழந்தைகளைக் குளிப்பாட்டினார், தலை வாரினார், பிறகு பாட்டு, கதை, எண்ணிக்கை. மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு. மாண்டிசோரிக் கருவிகள் விலை அதிகம் என்பதால் கிளிஞ்சல், விதை, கூழாங்கல், இலை என்று அந்த ஊரில் கிடைத்ததை வைத்தே பாடம் செய்தார்கள். கைக்குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டதால் அக்காமார்களும் படிக்க முடிந்தது.

அங்கன்வாடி என்ற அந்த முற்றத்துப் பள்ளியின் பெயரைத்தான், 1975 அக்டோபர் 2ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, மையங்களுக்கு வைத்தார்கள். தாராபாய்க்கு 1962ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1973ல் காலமானார், அதனால் அந்தத் திட்டத்தைப் பார்க்கவில்லை. பெயர் நாடு முழுக்கப் போனது. அதன் பின்னால் இருந்த யோசனை, அதாவது பிள்ளை வராவிட்டால் பள்ளியிடம்தான் குறை என்ற யோசனை, போகவில்லை. பதிவேடு நிரப்புவதும் எடை பார்ப்பதும் மாவு கொடுப்பதும் மிஞ்சிவிட்டன. அந்த அதிகாரி மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மென்பொருள் துறை, பெங்களூரு: மெக்காலே 1835ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில், “இந்தியாவின் முதுகெலும்பை உடைக்க அதன் கல்வியை மாற்ற வேண்டும்” என்று பேசினாரே? நம் கல்வியின் எல்லாக் கேட்டுக்கும் அதுதானே காரணம்?

அப்படி ஒரு பேச்சு இல்லை. 1835 பிப்ரவரி 2 என்று தேதி போட்டுச் சுற்றுகிறது. அந்தத் தேதியில் மெக்காலே கொல்கத்தாவில் இருந்தார். அன்று அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்பாணை. அதில் இருப்பதே போதும்: ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரி, இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் சமம் என்று எழுதினார். எல்லோருக்கும் கல்வி கொடுக்க முடியாது, ஆளுகிற நமக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு வர்க்கத்தை உருவாக்குவோம் என்றார். உண்மையில் எழுதியதே இவ்வளவு மோசமாக இருக்கும்போது பொய்யான மேற்கோள் எதற்கு?

அந்த நடு வர்க்க யோசனையை நேருக்கு நேர் எதிர்த்த இந்தியர் ஒருவர் உண்டு. கீழே வரும் கேள்வியில் அவரைச் சொல்கிறேன்.

கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி: ஜோதிராவ் ஃபுலேயைச் சமூகச் சீர்திருத்தவாதி என்று தெரியும். கல்விச் சிந்தனையாளர் என்று சொல்லலாமா?

அப்படித்தான் சொல்ல வேண்டும். 1848ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள், அவர் மனைவி சாவித்திரிபாய் அங்கே ஆசிரியையாக நின்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1882ல் ஆங்கில அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஜோதிராவ் கொடுத்த மனுவைத்தான் யாரும் படிப்பதில்லை.

வரியைக் கொடுப்பவர் குடியானவர், அந்தப் பணத்தில் படிப்பவர்கள் மேல்சாதிப் பிள்ளைகள் என்று தொடங்குகிறார். மேலே இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் அறிவு தானாகக் கீழே இறங்கும் என்று சொன்னீர்களே, எங்கே இறங்கியது என்று கேட்கிறார். பன்னிரண்டு வயது வரையாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்கிறார். இது 1882ல். கட்டாயக் கல்விக்குச் சட்டம் வந்து நாடு முழுவதும் நடைமுறையானது 2010ல்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆசிரியர் பற்றிய பகுதி. தேவைப்பட்டால் ஏர்க்காலையும் தச்சனின் வாய்ச்சியையும் பிடிக்க வெட்கப்படாதவராக ஆசிரியர் இருக்க வேண்டும், உழவர் குடும்பங்களிலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள், சம்பளம் பன்னிரண்டு ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறார். பாடத்திட்டத்தில் கணக்கும் இலக்கணமும் வரலாறும் இருக்கின்றன, விவசாயமும் சுகாதாரமும் கூட இருக்கின்றன. பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நடுவில் இருக்கும் சாதி இடைவெளியே கற்றலைக் கெடுக்கிறது என்று பார்த்தவர் அவர். கல்விக் கோட்பாடு என்றால் இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்தப் பள்ளிகளில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியும் உண்டு. முக்தா சால்வே என்ற, தீண்டாமைக்கு ஆளான மாங் சாதிச் சிறுமி, ஃபுலே பள்ளியின் மாணவி, பதினான்கு வயதில் மாங், மகார் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855ல் ‘ஞானோதயா’ இதழில் வந்தது. வேதம் பிராமணர்களுக்கு மட்டும் சொந்தம் என்றால் எங்களுக்கு எந்த மதம் என்று கேட்கிறாள். ஒரு பள்ளியின் தரத்துக்கு எனக்கு இந்தக் கட்டுரை போதும்.

பி.எட். மாணவி, சேலம்: மேடம், கிஜுபாயின் கல்விக் கொள்கைகள், ஐந்து பாயிண்ட் கொடுங்கள். பத்து மதிப்பெண்.

‘பகல் கனவு’ படித்தால் ஐம்பது கிடைக்கும், தாயே. இரண்டு மணி நேரம் போதும்.

பட்டதாரி ஆசிரியர், ஈரோடு: காந்தியின் ஆதாரக் கல்வியும் 1953ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டமும் ஒன்றுதானே? பெரியார் எதிர்த்தது அதைத்தானே?

ஒன்று இல்லை, ஆனால் குழப்பம் ஏன் வருகிறது என்று புரிகிறது.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி தலைமையில் மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்து திட்டம் எழுதியது: ஏழு ஆண்டு இலவசக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து. தக்ளி என்ற நூற்கும் கதிரைச் சுற்றும்போதே கணக்கு, பருத்தியிலிருந்து புவியியல், வரலாறு. பிராமணப் பிள்ளையும் நூற்க வேண்டும், தலித் பிள்ளையும் நூற்க வேண்டும், இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து. அதுதான் அதன் உயிர்.

1953 திட்டத்தில் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவின் தொழிலைப் பார்க்க வேண்டும். வண்ணார் பிள்ளைக்கு வெளுப்பு, குயவர் பிள்ளைக்குப் பானை. முதல் திட்டம் சாதிக்கும் தொழிலுக்கும் உள்ள முடிச்சைத் தளர்த்தப் பார்த்தது. இரண்டாவது, நோக்கம் என்னவாக இருந்தாலும், அந்த முடிச்சை இறுக்கியது. எதிர்த்தவர்கள் எதிர்த்தது சரி. 1954ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

ஆதாரக் கல்வியிலும் ஆபத்து இருந்தது. பள்ளி தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று காந்தி விரும்பினார். பிள்ளைகளிடம் வேலை வாங்குவதே பெரிதாகி, படிப்பு பின்னால் போய்விடும் என்று ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையே எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை எழுதியதற்காகவே ஜாகிர் உசேனைக் குடியரசுத் தலைவராக அல்லாமல் ஆசிரியராக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. வார்தா பக்கத்தில் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் இந்தக் கல்வியை நாள்தோறும் நடத்திக் காட்டியவர்கள் ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும். ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். சாந்திநிகேதனில் தாகூரிடம் வேலை செய்துவிட்டு, பிறகு வார்தா போனவர். அவர் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டு ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொறியாளர், ஓசூர்: தரம்பாலைத்தான் உண்மையிலேயே மறந்துவிட்டோம். மன்றோவின் கணக்கெடுப்பில் சூத்திரர் பிள்ளைகள்தான் அதிகம் படித்திருக்கிறார்கள் என்று அவர் ஆதாரத்தோடு காட்டினார். அப்படியென்றால் ஃபுலே சொன்னதெல்லாம் தவறுதானே?

நல்ல கேள்வி, ஆனால் கடைசி வரியில் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

தரம்பால் செய்தது பெரிய வேலை. ஆவணக் காப்பகங்களில் வருடக்கணக்கில் உட்கார்ந்து, கையால் எழுதி எடுத்தார். 1983ல் புத்தகமாக வந்தது. 1822ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்களிடம் எத்தனை பள்ளி, எத்தனை மாணவர், எந்தச் சாதி என்று கேட்டார். 1826ல் தொகுத்து எழுதினார்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை 1,28,50,941. தமிழ் மாவட்டங்களில் பிராமண மாணவர்கள் சிறுபான்மைதான். வெள்ளைக்காரன் வந்துதான் இங்கே எழுத்தறிவு வந்தது என்ற பேச்சை இந்த அட்டவணை உடைத்துவிட்டது. அதற்காகத் தரம்பாலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது அதே மன்றோவின் அடுத்த கணக்கையும் பாருங்கள். 5 முதல் 10 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் பள்ளியில் இருந்தார்கள். வீட்டில் படித்தவர்களையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக வரும் என்றார். மீதி மூன்றில் இரண்டு பங்கு யார்? பெண் பிள்ளைகள் எண்ணிக்கை மிகச் சொற்பம். ‘மற்ற சாதிகள்’ என்ற பத்தியில் பறையர், சக்கிலியர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாக இல்லை. அப்புறம், ஃபுலே பேசியது பம்பாய் மாகாணத்தை, பேஷ்வா ஆட்சி முடிந்த புனேயை. சென்னை மாகாணத்து அட்டவணையை வைத்து அவரைப் பொய்யாக்க முடியாது.

ஆய்வு மாணவர், மதுரை: டீச்சர், நீங்கள் ரொம்ப மென்மையாகச் சொல்கிறீர்கள். ‘சூத்திரர்’ என்ற பத்தியில் வேளாளர், முதலியார் எல்லாம் அடக்கம். நிலமும் கணக்குப்பிள்ளை வேலையும் வைத்திருந்தவர்கள். அதைக் காட்டி ‘எல்லோரும் படித்தார்கள்’ என்பது மோசடி.

நீங்கள் சொல்லும் விஷயம் சரி தம்பி. ‘மோசடி’ என்ற சொல்லைத் தரம்பால் மேல் போட வேண்டாம். அட்டவணையை மறைக்காமல் முழுதாக அச்சிட்டவர் அவர். அதனால்தான் நீங்கள் அவருக்கு எதிராக வாதாடவே முடிகிறது. அவரை வைத்துப் பிறர் செய்த பிரச்சாரம் வேறு.

பொறியாளர், ஓசூர்: அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஏழைகள் படிக்கவில்லையே? ஆண்ட்ரூ பெல் நம் திண்ணைப் பள்ளியைப் பார்த்துத்தானே அங்கே கொண்டுபோனார்? அதை ஏன் சொல்லவில்லை?

சொல்கிறேன், எனக்கே பிடித்த கதை. பெல் 1789ல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைப் பையன்கள் விடுதியின் பொறுப்புக்கு வந்தார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். பெரிய பிள்ளையைக் கொண்டு சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தர வைத்தார். 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே சென்னை முறை என்றே பெயர். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம் என்பதால் செலவு குறைவு, அதனால் வேகமாகப் பரவியது. திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் எண்சுவடியை முடித்துவிட்டு அடுத்த சுவடிக்குப் போகும். இங்கிலாந்து எடுத்துக்கொண்டது, மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பெரிய பிள்ளையை, அதாவது சட்டாம்பிள்ளையை மட்டும்.

ஆனால் இங்கிலாந்திலும் ஏழை படிக்கவில்லை என்பது, நம் ஊரில் சேரிப்பிள்ளை திண்ணையில் ஏறினானா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்: எங்கள் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். கோதண்டம் போட்டுத் தொங்கவிட்டதைச் சொல்லிச் சொல்லி அழுவார். அதையும் பாரம்பரியம் என்று கொண்டாடுவதா?

அழுதவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் ஐயா. திண்ணைப் பள்ளியின் மனக்கணக்கு அபாரமானது. கீழ்வாய் இலக்கம் என்ற பின்னக் கணக்கில் முந்திரி, அதாவது 320ல் ஒரு பங்கு வரை போட்ட பிள்ளைகள் அவர்கள். அதே இடத்தில்தான் கயிறும் பிரம்பும் இருந்தன. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆய்வு மாணவர், மதுரை: அப்படியென்றால் தரம்பாலைச் சிந்தனையாளர் பட்டியலில் வைப்பீர்களா, மாட்டீர்களா?

வைப்பேன், வரலாற்றாளர் என்று. கல்விச் சிந்தனையாளர் என்று வைக்க, அவர் ஒரு வகுப்பறையை எப்படி மாற்றுவார் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஓசூர்க்காரரே, இதற்கு நீங்கள் மறுப்பு எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள். ஆனால் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823ல் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டு எழுதுங்கள். பள்ளிகள் அழிந்ததற்கு மக்கள் ஏழ்மையில் விழுந்ததுதான் காரணம் என்று கம்பெனி அதிகாரியே எழுதிய அறிக்கை அது. உங்கள் பக்கத்துக்கு அதுதான் பலமான ஆதாரம்.

மாணவர், திருச்சி: மெக்காலே வருவதற்கு முன் குருகுலத்தில் எல்லோரும்...

மேலே படியுங்கள்.

இல்லத்தரசி, நாகர்கோவில்: “கல்வி இல்லாத பெண் வேரில்லாத ஆலமரம்” என்று சாவித்திரிபாய் சொன்னதாக ஒரு படம் வந்தது. உண்மையா?

எந்தக் கவிதையில், எந்தக் கடிதத்தில் என்று அந்தப் படத்தில் இல்லை என்றால் நம்ப வேண்டாம். 1854லேயே கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர் அவர். அச்சில் இருப்பதைத் தேடிப் படிக்கலாம். முதலிலேயே சொன்னேன், அழகான வரியை விட்டுவிட்டு வகுப்பைப் பாருங்கள்.

நாகர்கோவில் என்பதால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவரைச் சொல்கிறேன். அய்யன்காளி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெங்ஙானூரில் அவர் எழுப்பிய பள்ளியை எரித்தார்கள். தீண்டாமைக்கு ஆளான தன் புலையர் சாதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வரை வயலில் இறங்க மாட்டோம் என்று திருவிதாங்கூரில் வேலைநிறுத்தம் நடத்தினார். கூலிக்காக வயலை நிறுத்தியவர்கள் உண்டு. பள்ளிக்காக நிறுத்தியவர்களின் சிந்தனைக்கு நம் பி.எட். பாடத்தில் ஒரு பத்தி கூட இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

யோகா ஆசிரியர், புதுச்சேரி: அரவிந்தரை விட்டுவிட்டீர்களே?

அவரைப் பற்றிப் பேச உங்கள் ஊரிலேயே ஆசிரமமும் பள்ளியும் இருக்கின்றன. இன்று மறந்தவர்கள் பற்றி மட்டும்.

பத்திரிகையாளர், சென்னை: தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஒருவர்?

நெ.து. சுந்தரவடிவேலு. 1954 முதல் காமராஜர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநர். மதிய உணவை எல்லோரும் காமராஜர் பெயரில் சொல்வார்கள், சரிதான். அரசு பணம் ஒதுக்கும் முன்பே ஊர்க்காரர்களின் நன்கொடையில் அங்கங்கே சமையல் தொடங்க வைத்தது இந்த அதிகாரி. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, கட்டடம், பெஞ்சு, சீருடை எல்லாவற்றுக்கும் மக்களைப் பொறுப்பேற்க வைத்தார். ‘நினைவு அலைகள்’ என்ற அவருடைய தன்வரலாற்றைப் படியுங்கள். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவரும் கல்விச் சிந்தனையாளராக இருக்க முடியும்.

அவரோடு சேர்த்து ஜே.பி. நாயக்கையும் படிக்கலாம். இந்தியக் கல்வி முழுவதையும் ஆராய மத்திய அரசு அமைத்த கோத்தாரிக் குழுவின் செயலர். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே அருகமைப் பள்ளிக்குப் போக வேண்டும், தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று 1966ல் அறிக்கை சொன்னது. இரண்டும் இன்னும் நடக்கவில்லை. சமத்துவம், தரம், எண்ணிக்கை மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க இந்தியக் கல்வியால் ஏன் முடியவில்லை என்று 1970களில் தனி நூலே எழுதினார்.

நூலகர், தஞ்சாவூர்: நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வருவாரா?

தாராளமாக. 1931ல் மன்னார்குடிப் பக்கம் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனதே, அதைத் தொடங்கி வைத்தவர் அவர். வாசகர் நூலகத்துக்கு வரும்வரை காத்திருக்க மாட்டேன் என்ற எண்ணத்தைத் தாராபாயின் முற்றத்துப் பள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தனியார் பள்ளித் தாளாளர்: மெக்காலேயின் முறையை நீக்கிவிட்டு குருகுல முறையை...

மூன்றாவது முறை இது. பதில் சொல்லியாயிற்று. உங்கள் பள்ளியில் இலவச இடத்துக்கு வந்த பிள்ளைகள் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

இடைநிலை ஆசிரியர், தருமபுரி: நான்காம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது, அட்டைகள் வந்தன, போயின. பிறகு எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது. நான் கிஜுபாய் மாதிரி கதை சொல்ல ஆரம்பித்தால் பருவத் தேர்வுக்குப் பாடம் முடியாது. என்ன செய்வது டீச்சர்?

லட்சுமிராமுக்கும் தேர்வு இருந்தது, தலைக்கு மேல் அதிகாரி இருந்தார், ‘பிள்ளைகளைக் கெடுக்கிறான்’ என்று சக ஆசிரியர்களும் பேசினார்கள். அந்தப் புத்தகத்தில் எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

செயல்வழிக் கற்றலில் நல்ல யோசனை இருந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி நடத்திய கிராமப் பள்ளிகள் வழியாக வந்த முறை அது. அதற்கும் முன்னால் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற சிறு பள்ளியை நடத்திய டேவிட் ஹார்ஸ்பர்க் அந்த வழியைக் காட்டியிருந்தார். சில பத்துப் பிள்ளைகளோடு, ஒவ்வொருவரையும் தெரிந்த ஆசிரியரிடம் வளர்ந்ததை, அட்டையாக அச்சடித்து ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அட்டை வந்து சேர்ந்தது. பிள்ளையைத் தெரிந்துகொள்ள ஆசிரியருக்கு நேரம் வந்து சேரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது சின்ன வேலைதான். தினமும் முதல் பதினைந்து நிமிடம் கதை. சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் அலமாரியில் வையுங்கள். ‘படிங்க’ என்று சொல்ல வேண்டாம். இரண்டாவது வாரம் அதே கதையிலிருந்து சொல்வதெழுதுதல் கொடுங்கள், தமிழ்ப் பாடவேளை அதிலேயே கொஞ்சம் மிச்சமாகும். சமூக அறிவியல் பாடத்தையும் கதையாகவே சொல்லிப் பார்க்கலாம், லட்சுமிராம் வரலாற்றை அப்படித்தான் நடத்தினார். கேள்வி பதில் எழுதி மனப்பாடம் செய்வது தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குப் போதும்.

ஒரு மாதம் கழித்து, முப்பத்தெட்டுப் பேரில் அந்த அலமாரிப் பக்கமே போகாத பிள்ளைகள் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், காலையில் என்ன வேலை செய்துவிட்டு வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.